பெரிய தொட்டி வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நகராட்சித் தண்ணீர் குறைந்த நாளிலிருந்து கடையில் போன் ஓயவில்லை. பாதிப் பேர் கேட்பது, இன்னும் பெரிய தொட்டி வைக்கலாமா என்றுதான். தாராளமாக வைக்கலாம். ஆனால் அதற்கு முன், இருக்கிற தொட்டியிலிருந்து சத்தமில்லாமல் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். ஆளுக்கு அரை வாளியில் குளித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் ராத்திரி நிரம்பியிருந்த மேல்தொட்டி விடியும்போது கால்வாசி இறங்கிவிடுகிறது. சுவரிலும் தரையிலும் எங்கும் ஈரமில்லை. கடைசியில் கழிப்பறைப் பீங்கானுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்கம் நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளஷ் டாங்க்கின் அடியிலிருக்கும் ரப்பர் மூடியில் உப்பு படிந்து, வாய் சரியாக மூடவில்லை. அதை மாற்றப் பத்து நிமிடம் ஆகவில்லை. அவ்வளவு சிக்கனமாக இருந்தவர்களின் தண்ணீர் இப்படிப் போனதுதான் எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இன்று ராத்திரியே பார்க்கலாம். டாங்க்குக்குள் கொஞ்சம் சாயத்தைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் கசிவு இருக்கிறது. சொட்டுகிற குழாயையும் சும்மா விடாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய வாளித் தண்ணீர். பெரும்பாலும் ஒரு வாஷரோடு சரியாகிவிடும்.

ஒழுக்கு நின்ற பிறகு சிக்கனம். பழைய ஃப்ளஷ் டாங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை குடிக்கும். துணி அலசிய தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழிப்பறைக்கு ஊற்றினால் நல்ல தண்ணீர் மிச்சம். அதை அன்றன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் நாறும். கைகழுவும் தொட்டியின் கீழே இருக்கும் சின்ன வால்வை (ஆங்கிள் காக்) பாதி மூடி வையுங்கள். குழந்தைகளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், குழாயே குறைவாகத்தான் விடும்.

பிடித்து வைக்கும் பாத்திரங்களை இறுக்க மூடுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில்தான். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

இன்னொன்று, இதை மன்றாடிக் கேட்கிறோம்: தெருக் குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சாதீர்கள். அழுத்தம் குறைந்த குழாயை இழுத்தால், மண்ணுக்குள் விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடை நீரும் சேர்ந்து உள்ளே வரும். குடிப்பது நீங்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான். கீழ்த்தொட்டியில் தண்ணீர் இல்லாதபோதும் மோட்டாரை ஓடவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சீல் சூடேறிக் கெட்டுவிடும். மேல்தொட்டி காலியாக இருந்தால் கீசரும் வேண்டாம்.

வெளியே கிளம்பும்போது எல்லாக் குழாயையும் திருகிப் பாருங்கள். தண்ணீர் வராத நேரத்தில் திறந்து பார்த்து அப்படியே விட்டுவிடுவோம், அப்புறம் ஆளில்லாத வீட்டில் தண்ணீர் வந்து கொட்டும். பல நாள் கழித்து வரும் முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதைக் கொட்ட வேண்டாம், தரை துடைக்க ஆகும். தெளிந்த பிறகு பிடித்து, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

வாஷரும் ரப்பர் மூடியும் கடையில் போதுமான அளவு இருக்கின்றன. நீங்களே மாற்றுவதாக இருந்தால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள், அளவு பார்த்துத் தருகிறோம். சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத வீடுகளுக்கு முதலில் போய்க்கொண்டிருக்கிறோம். மற்ற வேலைக்குச் சொல்லி வைத்தவர்கள் ஓரிரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் வருவோம்.

அன்புடன்,
உங்கள் குழாய்ப் பழுதுக் கடையினர்