எங்கள் கடன் உன் கணக்கில் இல்லை

அன்புள்ள அம்முணிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் உன்னை யாராவது கூப்பிட்டு விடுகிறார்கள், இங்கே கட்டிங் பீஸ் வண்டி வந்து நிற்கிறது. பாதியில் நிற்கிற பேச்சாக இது இருக்க வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மும்பையில் அந்த இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கில் இருந்துகொண்டு போன வாரம் நீ சொன்னாய், "இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ஆஃபர் குடுத்தா வாங்கிக்கிறேன்மா, மூணே வருஷத்துல நம்ம தையல் கம்பெனி கடனை அடைச்சிரலாம்" என்று. அப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன். ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான். எங்கள் கடனை மனசில் வைத்து நீ அந்த வேலைக்குச் சரி சொல்லக் கூடாது. வேலை பிடித்துப் போய்ச் சரி சொன்னால் எங்களைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். பேங்க்கில் ஓ.டி., அதாவது இருப்புக்கு மேல் எடுத்த ஓவர்டிராஃப்ட் கடன், 32 லட்சம் ஓடுகிறது. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் வாங்கின லோனில் 14 லட்சம் பாக்கி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, நமக்குக் கூலிக்குத் தைக்கிற ஜாப் ஒர்க் தரும் எக்ஸ்போர்ட்டர்கள் அமெரிக்க ஆர்டர்களை நிறுத்தி வைத்தார்கள். டெய்லர்களை ஊருக்கு அனுப்பினால் திரும்பக் கிடைக்க மாட்டார்கள். அதனால் பாதி வேலைக்கு முழு ஆளையும் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போட்டோம். ஓ.டி. ஏறியது அப்போதுதான். தெரிந்து எடுத்த முடிவு அது. அந்த டெய்லர்கள் இன்றைக்கும் நம் பவர் டேபிளில்தான் தைக்கிறார்கள். ஆர்டர் திரும்பி வருகிறது, வட்டியை ஒரு மாதம்கூடக் கட்டாமல் விட்டதில்லை.

ஒரு கம்பெனி நொடித்தால் மிச்சமிருப்பது முதலில் கடன் கொடுத்தவனுக்கு, அதற்கப்புறம்தான் பங்குக்காரனுக்கு என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். நம் பக்கத்துக் கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்த்தபோது, டெபாசிட் பணம் பத்திரமாக இருந்தது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. நம் கம்பெனிக்குப் பங்குக்காரர்கள் நானும் அப்பாவும். லாபம் வந்த வருஷங்களில் எடுத்துக்கொண்டது நாங்கள், நஷ்டம் வந்தால் தாங்க வேண்டியவர்களும் நாங்களே. நீ ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் இல்லை. "அந்த லாபத்தில்தானே என்னைப் படிக்க வெச்சீங்க" என்று கேட்பாய். அது நாங்கள் ஆசைப்பட்டுச் செய்தது கண்ணு. அதை யாரும் உன் பேரில் பற்று எழுதவில்லை.

இனி உன் வேலையைப் பற்றி. நீ சொல்லச் சொல்ல அதை நான் ஓரளவு புரிந்துகொண்டு விட்டேன். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போதும், பங்கு வெளியிட்டு மக்களிடம் பணம் திரட்டும்போதும், நடுவில் இருந்து விலை சொல்லி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபிக்குப் போகிற காகிதம் வரைக்கும் தயார் செய்து முடித்துக் கொடுப்பவர்கள். அப்பாவுக்கு நான் கோயம்புத்தூர் கியர் கம்பெனி சாந்தி கியர்ஸை வைத்து விளக்கினேன். 2012-ல் அது முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்குப் போனது, பெயர் மாறவில்லை. "அப்ப இந்த விலைதான்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். அதைச் சொல்கிற வேலையைத்தான் பாப்பா கத்துக்கிறாள் என்றேன்.

மேனேஜிங் டைரக்டர், வைஸ் பிரசிடென்ட், அசோசியேட், அனலிஸ்ட், அதற்கும் கீழே நீ. பகலெல்லாம் காத்திருந்து, ராத்திரி ஒன்பதுக்கு மேல் திருத்தம் வந்து, ஸ்லைடில் எழுத்தின் அளவும் லோகோவும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே விடிந்து போகிறது, இதற்கா படித்தேன் என்று வருத்தப்பட்டாய். நம் செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்களைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். ஒரு பிசிறு கண்ணில் பட்டால் பையர் தையல் முழுவதையும்தான் சந்தேகப்படுகிறான். உன் பக்கத்திலும் ஒரு கூட்டல் தப்பினால் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அந்த வேலையை மட்டமாக நினைக்காதே. ஆனால் ரெண்டு மாதமும் அது மட்டுமே என்றால் நியாயமில்லை. கணக்குப் போடுகிற வேலையும் கொடுங்கள் என்று வாய் திறந்து கேள்.

நீ சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நிற வழக்கம். கையால் போடுகிற எண் நீலம், கணக்கிலிருந்து தானாக வருகிற எண் கறுப்பு. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக விளக்கினாய். அடுத்த வருஷம் 100 கோடி வருகிற கம்பெனி, பின்னால் வருகிற பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர 12 சதவீதத்தில் தள்ளுபடி, வருஷா வருஷம் வளர்ச்சி 4 சதவீதம் என்றால் மதிப்பு 1,250 கோடி. அந்த 4-ஐ 5 ஆக்கினால் கிட்டத்தட்ட 1,430 கோடி. ஒரே ஒரு நீல எண்ணை மாற்றினதற்கு 180 கோடி. அன்றைக்குப் படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலே இருந்து யாராவது "இதைக் கொஞ்சம் ஏத்திப் போடு" என்று சொன்னால், எதனால் ஏறும் என்று கேட்டுக் குறிப்பு எழுதி வைத்துக்கொள். நீ இன்டர்ன், கேட்பதற்குத்தானே போயிருக்கிறாய். காரணம் இருந்தால் கற்றுக்கொள்வாய். இல்லாவிட்டால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும், அதுவும் ஆஃபருக்குப் பதில் சொல்ல உதவும்.

எண்ணாகவே எழுதப்படாமல் விட்டுப்போவதும் உண்டு. நீ ரெண்டாம் வகுப்பு படித்தபோது, 2011 ஜனவரியில், உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டன. அதுவரைக்கும் யார் கணக்கிலும் நொய்யல் ஆறு ஒரு செலவாக வரவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்தவர்களின் கிணறும் காடு தோட்டமும் கெட்டு, அவர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அது செலவு என்று ஊருக்கே தெரிந்தது. இன்றைக்குக் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கிற செலவு துணியின் விலையிலேயே சேர்ந்து வருகிறது. நீ ஏதாவது ஜவுளிக் கம்பெனியின் கணக்கை எடுத்தால் தண்ணீருக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார். இந்த ஊர்ப் பிள்ளை அதைப் பார்க்காமல் விட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

நீ அப்படிப் பார்க்கிறவள்தான். அந்த ஆடைக் கம்பெனிக்குப் போட்ட மாடல் கணக்கில், விற்ற சரக்குக்கு வரவேண்டிய பாக்கி 90 நாளிலிருந்து 60 நாளாகக் குறையும் என்று காரணமில்லாமல் போட்டிருந்ததை நீ எடுத்துக் காட்டி, அசோசியேட் திருத்தினார் என்றாயே, நீ மும்பை போன பிறகு நான் கேட்டதிலேயே எனக்குப் பெருமையான செய்தி அது. அப்பா பேங்க் மேனேஜரிடம்கூடச் சொல்லிவிட்டார். அந்த 30 நாள் என்ன என்று புத்தகத்தில் படித்தா உனக்குத் தெரிந்தது? நூலுக்கும் நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் முதலிலேயே பணம் போகிறது, தைக்கிறவர்களுக்கு வாரா வாரம் போகிறது, சரக்கு கப்பல் ஏறி இறங்கி, அதற்கும் ரெண்டு மூணு மாதம் கழித்துத்தான் எக்ஸ்போர்ட்டருக்குப் பணம். அவருக்கு வந்தால்தான் நமக்கு. 2022 மே மாதம் நூல் கிலோவுக்கு ஒரே தடவையில் 40 ரூபாய் ஏறியபோது, பழைய விலைக்கு ஆர்டர் ஒப்புக்கொண்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்தவள் நீ. சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருஷம் வரைக்கும் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டமே சொல்கிறது. அப்படியும் பில்லை எடுத்துக்கொண்டு போனால் "பையர் பணம் வரட்டுங்கக்கா" என்பதுதான் பதில். உன் ஷீட்டில் ஒரு வரியாக இருக்கிற அந்த எண்ணுக்குள் எத்தனை வீட்டின் சனிக்கிழமை இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உன்னோடு உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

தூக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2013-ல் லண்டனில் ஒரு பெரிய வங்கியில் இன்டர்ன்ஷிப் செய்த 21 வயதுப் பையன் இறந்துபோன செய்தியை, நீ போன முதல் வாரத்தில் தேடிப் படித்தேன். வலிப்பு என்று விசாரணையில் சொன்னார்கள், களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம் என்றார்கள். 2015-ல் கோல்ட்மேன் சாக்ஸ், நடு ராத்திரியிலிருந்து காலை ஏழு மணி வரை இன்டர்ன் பிள்ளைகள் ஆபீஸில் இருக்கக் கூடாது என்றே விதி போட்டது. அவ்வளவு பெரிய இடமே விதி போட வேண்டியிருந்தது என்றால் உன் அம்மா கவலைப்படுவதில் தப்பில்லை. ரெண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் விழித்தால் மூன்றாவது நாள் அசோசியேட்டிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படு. அதனால் ஆஃபர் போனால் போகட்டும்.

சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். உன் அம்மிச்சிக்குப் பேங்க் வேலை என்றால் கவுண்டரில் பணம் எண்ணுவதுதான், "பத்திரமா எண்ணச் சொல்லு" என்கிறார். மாமா சம்பளம் எவ்வளவு என்று கேட்டார், இன்னும் படிக்கிற பிள்ளை என்று சொல்லி நிறுத்திவிட்டேன். யாருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு உனக்கு வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆஃபர் கடிதம் வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. பதில் சொல்ல எத்தனை நாள் அவகாசம், சேரும்போது போனஸ் கொடுத்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும், நோட்டீஸ் காலம் எவ்வளவு, முதல் வருஷம் எந்தப் பிரிவில் போடுவார்கள், இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கு. அங்கே ரெண்டு மூணு வருஷம் வேலை பார்த்து விலகின பெண் யாராவது இருந்தால், ஏன் விலகினாள் என்று பேசிப் பார். கடிதத்தை எனக்கும் அனுப்பு. பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பவர் டேபிள் லீவில் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா
திருப்பூர்