நோட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மோட்டாருக்குள் கம்பிச் சுற்று, அதுதான் காயில், கட்டிக்கொண்டிருந்தாரே, அவர் வீட்டுக்காரி நான். அவர் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. கேதத்துக்கு வந்தவர்களிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை பேச முடியவில்லை, பாதிப் பேர் முகம்கூட ஞாபகம் இல்லை. அதனால் மகளிடம் போனை வாங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஆட்டோத் தம்பி. விடியக்காலம் மூன்றரை மணிக்கு நெஞ்சைப் பிடிக்கிறது என்று இவர் எழுந்து உட்கார்ந்ததும் நான் போட்ட சத்தத்தில் லுங்கியோடு ஓடி வந்து, மாடிப்படியிலிருந்து தூக்கி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தவன். காசு வாங்கவில்லை. இப்போது என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான், ஏதோ அவன் வண்டி மெதுவாகப் போனதால்தான் எல்லாம் என்கிற மாதிரி. அப்படி இல்லைப்பா. நீ கொண்டு போனதால்தான் இன்னும் ரெண்டு நாள் எங்களோடு பேசினார். பேசியதெல்லாம் கடைச் சாவியைப் பற்றித்தான், அது வேறு விஷயம்.

அடுப்பு பற்றவைக்காத நாட்களில் மூன்று வேளையும் இட்லி, சோறு என்று கொண்டுவந்த பக்கத்து வீட்டு மதினிமார், ராத்திரி முழுக்கக் கடையை மூடாமல் டீ கொடுத்த அண்ணாச்சி, பந்தலுக்கு நாற்காலி சுமந்த பையன்கள், ஆஸ்பத்திரியில் என் மகனை அதட்டிச் சாப்பிட வைத்த நர்ஸம்மா, எல்லாருக்கும் நன்றி. பதினாறாம் நாள் ஒரு மதினி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்து அவர் படத்துக்கு முன்னால் வைத்தார். அவருக்குப் பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரே அந்த வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார் போல.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதில் முக்கால்வாசி, அவர் தூக்கிய இடது கையோடுதான் பேசியிருக்கிறேன். காயில் சுற்றும்போது யார் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டார், சுற்றுக் கணக்கு தவறிவிடும். இடது கையை மட்டும் தூக்குவார், எண்ணி முடிக்கிற வரை. பிள்ளை பிறந்த சேதி சொல்லப் போன என் தம்பியையும் அப்படித்தான் நிற்க வைத்தார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு ரொம்ப வருஷம் போகவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணி ஊருக்குள் வந்து எங்கள் கடையில் இடுப்பளவு நின்றது. தன் சாமான் போனதைப் பார்க்காமல் இவர் மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை என்று தெருத்தெருவாகப் போய், "கரண்ட் வந்தாலும் மோட்டார் சுவிட்சைப் போட்டுராதிய" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உள்ளே வண்டல் ஏறியிருக்கும், ஈரத்தோடு போட்டால் காயில் எரிந்துபோகும். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சோதித்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ரெண்டு வாரம் எங்கள் வீட்டு ஹாலில் வரிசையாக மோட்டார்கள், ஈரம் காய ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குண்டு பல்பு எரியும். நாங்கள் அடுக்களையில் படுத்தோம். சாப்பிடும் சோற்றில்கூட வார்னிஷ் வாடை. கூலியோ, "அப்புறம் தாங்க" என்பதுதான். நான் சண்டை போட்டேன், மறைக்கவில்லை.

அந்த அப்புறம்தான் இப்போது வந்துகொண்டிருக்கிறது. இதுவரை பதினோரு பேர் வந்துவிட்டீர்கள். ஒரு ஆச்சி சுருக்குப்பையிலிருந்து முந்நூற்று ஐம்பது ரூபாய் எடுத்து என் கையில் வைத்து, "எழுதிருப்பான், பாரு" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தால் ஒருத்தர் பெயர்கூடக் கிடையாது. "வேப்பமரத்து வீடு, 1 எச்பி, 350." "வெத்தல ஆச்சி." "ரெண்டு நாய் உள்ள வாத்தியார்." எழுதாத ஆட்களும் வந்து தந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு நான் எப்படி ரசீது கொடுக்க? மகளுடைய காலேஜ் பீஸில் பாதி அந்தக் காசில்தான் கட்டினோம்.

கடையை இப்போதைக்குப் பூட்டவில்லை. அவரிடம் ஆறு வருஷமாக வேலை பழகிய பையன்தான் திறக்கிறான். பெஞ்சில் பாதி சுற்றி நின்ற மோட்டாரை அவனே எண்ணி எண்ணி முடித்து, போன வாரம் ஓட்டிக் காட்டினான். நல்லா ஓடுகிறது. ஆனால் ஆள் யார் என்று தெரியவில்லை. நோட்டில் "நாங்குநேரி, சிரிக்கிற தாத்தா, 3 எச்பி" என்று இருக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் வாழை காய்ந்துகொண்டிருக்குமோ என்று இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் தாத்தாவிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் கடை திறந்திருக்கும்.