உப்பு கசியும் ஊருக்குப் போன மகளுக்கு

கோத்தகிரி
மே 10

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளையாகப் பூசணம், உப்பு ஜாடியில் தண்ணீர், புதுப் பூட்டில் துரு, ஒரே ராத்திரியில் புளித்து வழிகிற இட்லி மாவு. நீ எழுதியதைப் படித்ததும் போர்ட் பிளேர் வீடு கண்ணுக்குள் வந்துவிட்டது. (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்குத்தான் பழைய பெயர் வாயில் வருகிறது.) இட்லி மாவைப் பிறகு பார்ப்போம். மற்ற மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அப்பாவுக்கு அங்கே வேலை இருந்த காலத்தில் பழகியதையும், இந்த மலையில் பழகியதையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் கைக்கு இன்னும் மலைப் பழக்கம் போகவில்லை, அதனால்.

ஈரம் நமக்குப் புதிதில்லை. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வருகிற மாதங்களில் இங்கேயும் துணி காயாது. ஆனால் இந்த ஈரம் வேறு, அந்த ஈரம் வேறு. 15 டிகிரிக் குளிரில் மூடுபனிக்குள் நின்றால்கூட ஒரு கன மீட்டர் காற்றில் ஆவியாக இருப்பது சுமார் 13 கிராம் தண்ணீர். குளிர்ந்த காற்று அதற்குமேல் தாங்காது. ஹீட்டர் போட்டு அறையை 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு இறங்கி, சுவர் தானே உலரும். உன் ஊரில் 30 டிகிரி, 80 சதவீதம். ஒரு கன மீட்டரில் 24 கிராம். இதைச் சூடாக்கி உலர்த்த நினைத்தால் வீட்டில் ஆள் இருக்க முடியாது. காற்றோட்டம், வெயில், ஏசி, இந்த மூன்றும்தான் வழி. குளிருக்குப் பயந்து சாயங்காலமே ஜன்னலைச் சாத்துகிற பழக்கத்தை முதலில் விடு. காற்று அசையாமல் நிற்கிற இடத்தில்தான் பூசணம் பிடிக்கும். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதே, நாலு விரல் இடைவெளி விடு. அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வை.

அறையைச் சூடாக்க முடியாது, அலமாரியைச் சூடாக்கலாம். அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்து எரியவிட்டால் உள்ளே ஐந்து டிகிரி ஏறும். 80 சதவீதம் 60 பக்கம் வந்துவிடும். பூசணத்துக்கு அது போதாது, வளராது. எல்ஈடி பல்பில் இந்தச் சூடு கிடைக்காது. துணி பல்பில் படாமல் ஒரு முழம் தள்ளியிருக்கட்டும், பட்டால் தீப்பிடிக்கும். பட்டைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காதே. பழைய வேட்டித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை மடிப்பை மாற்று. மாப்பிள்ளையின் கேமராவையும் லென்ஸையும் மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு வைக்கச் சொல். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் அது ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத ஒரு பாத்திரத்தில் மெல்லிய தீயில் வறுத்தால் நீலம் திரும்பிவிடும். அந்த நீலச் சாயம் விஷம், குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இப்போது உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல்லுப்பு அதற்கும் முன்பே கசியும், ஏனென்றால் அதில் கொஞ்சம் மெக்னீசிய உப்பு ஒட்டியிருக்கும், அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே இளகிவிடும். அதனால் பீங்கான் ஜாடி, மர அகப்பை, பத்து நாளுக்கு வேண்டியது மட்டும் வெளியே. அடியில் ஒரு பிடி வறுத்த அரிசி போட்டு வை.

ஜாடியில் நடப்பதேதான் உன் பூட்டிலும் நடக்கிறது. கடல் காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாத தூளாக எல்லா இரும்பிலும் படியும். படிந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், மழையே இல்லாத நாளிலும் அந்த இரும்பு நனைந்தபடி இருக்கும். ஆகவே துரு வந்த இடத்தில் நேராக எண்ணெய் விட்டால் பயனில்லை, உப்பு அடியில் இருந்து தின்றுகொண்டே இருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடை, உலரவிடு, பிறகு கிரீஸ். கீல், தாழ்ப்பாள், கேஸ் அடுப்பின் அடிப்பக்கம், பைக்கின் செயின், எல்லாவற்றுக்கும் வாரம் ஒருமுறை இதைச் செய். ஏசியின் வெளிப் பெட்டியை மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவு. எவர்சில்வர் என்று வாங்கும் சாமான்களில் 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும். கதவு, கொடிக்கம்பி மாதிரி வெளியே நிற்கிறவற்றுக்கு 316 கேட்டு வாங்கு. விலை கூடத்தான், ஆனால் ஒருமுறையோடு போயிற்று.

இட்லி மாவுக்கு வருவோம். இங்கே குளிரில் மாவு எழும்ப ராத்திரி முழுக்கப் போதாமல் கம்பளி சுற்றி வைப்போம், புளித்த பிறகே உப்புப் போடுவோம். அங்கே எல்லாவற்றையும் திருப்பிச் செய். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அது மாறவேண்டாம். வெந்தயத்தை அரைத் தேக்கரண்டிக்குக் குறை. அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விடு, கிரைண்டர் சூட்டிலேயே மாவு பாதி புளித்துவிடும். உப்பை அரைத்த கையோடு போட்டுவிடு, உப்பு புளிப்பை மெதுவாக்கும். கையால் கலக்காமல் கரண்டியால் கலக்கு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதே. 30 டிகிரியில் ஆறேழு மணி நேரம் தாராளம், பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மின்சாரம் போனால் மாவுப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் இறக்கி வை. தயிருக்கும் அதே கணக்கு, உறை பாதி, நேரம் பாதி.

குக்கரில் பருப்பு குழைந்து கூழாகிறது என்றாயே, அதற்குக் காரணம் உயரம். கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் இங்கே 117 வரைதான் ஏறும், அங்கே 120. இங்கே விட்ட விசிலில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்.

பொழுதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கோத்தகிரியும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, இங்கே 11.4, அங்கே 11.7. பகலின் நீளம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. நீ கிழக்கே பதினாறு டிகிரி தள்ளியிருக்கிறாய், கடிகாரம் மட்டும் இரண்டுக்கும் பொது. அதனால் உனக்கு எல்லாமே ஒரு மணி நேரம் முன்பாக நடக்கும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும், நவம்பரில் சாயங்காலம் ஐந்துக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். குழந்தையை ஏழரைக்கே தூங்க வைத்துவிடு. வெளிவேலை, துணி துவைப்பது எல்லாம் காலை எட்டுக்குள் முடியட்டும்.

தோட்டம் போட ஆசைப்படுகிறாய். கேரட், பீட்ரூட், உருளை வேண்டாம். உருளைக்கிழங்கு கிழங்கு கட்ட ராத்திரி குளிர வேண்டும். 22 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் செடி மட்டும் தழைக்கும். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. நம் மலை மண்ணில் உருளையைத் தாக்கும் நூற்புழு 1961ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது வெளியே பரவாமல் இருக்கத்தான் இங்கிருந்து விதைக்கிழங்கு கொண்டுபோகத் தடை இருக்கிறது. அப்பா பழக்கத்தில் ஒரு பையில் மண்ணோடு நாற்று கட்டித் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். வெளியிலிருந்து வந்த உண்ணிச்செடியும் வாட்டில் மரமும் நம் சோலையையும் புல்வெளியையும் என்ன செய்தன என்று பார்த்து வளர்ந்தவள் நீ. தீவு அதைவிட மென்மையானது. அங்கே பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவிட்ட புள்ளிமான், பிடித்துத் தின்ன விலங்கு எதுவும் இல்லாததால் பெருகி, காட்டில் முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுகிறது.

அங்கேயே கிடைக்கிற தண்டும் கிழங்கும் நடு: கொடிப்பசலை, வெண்டை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, முருங்கை, வாழை. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற மண்ணில் போட்ட உரம் கரைந்து கடலுக்குப் போய்விடும். பாத்தியை ஒரு அடி உயர்த்தி, தென்னை ஓலையால் மூடி, உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடு.

மழை விழுந்த ராத்திரியே ஆப்பிரிக்கப் பெரு நத்தை வரும். டார்ச் எடுத்துக்கொண்டு பார். உள்ளங்கை நீளக் கூம்பு ஓடு, பழுப்பில் தீற்றல் தீற்றலாகக் கோடு, பின்னால் வெள்ளி மாதிரி ஈரத் தடம். ஒன்று புகுந்தாலும் கொடிப்பசலை நரம்புதான் மிஞ்சும். பப்பாளி இலையை அங்கங்கே போட்டுவைத்தால் அடியில் கூடும், விடிவதற்குள் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடு. வெறும் கையால் தொடாதே. அதன் வழுவழுப்பில் மூளைக்காய்ச்சல் கொடுக்கும் புழு இருக்கலாம். நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது, குழந்தைக்கு முக்கியமாக.

எலிக்காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. அந்தமான் காய்ச்சல் என்று பயந்துகொண்டிருந்தது கடைசியில் அதுதான் என்று தெரிந்தது. எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக ஏறும். மழையில் கம்பூட் போடு, புண் இருந்தால் மூடு. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் நடந்ததை டாக்டரிடம் சொல். விரலிடுக்கில் படர்தாமரை வந்தால் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசாதே, ஆறின மாதிரி இருந்து இரண்டு மடங்காகத் திரும்பும்.

மழைத் தண்ணீரைப் பிடித்து வை. மார்ச், ஏப்ரலில் தனிக்காரி அணையில் தண்ணீர் இறங்கும்போது குழாயில் முறை வைத்துத்தான் விடுவார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உன் தகரக் கூரை 20 சதுர மீட்டர் என்றாலும் 50 மில்லிமீட்டர் மழைக்கு ஆயிரம் லிட்டர். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடு, அதில் பறவை எச்சமும் உப்பும் இருக்கும். தொட்டி வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டு.

கடற்கரைக்குப் போவதற்கு முன் ஓதம் எத்தனை மணிக்கு என்று பார்த்துப் போ. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். பாறைக் குட்டைகளில் குழந்தைக்கு நண்டு காட்ட வேண்டுமானால், தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போய், அடிமட்டத்தைத் தொட்டதும் திரும்பிவிடு. அடி கனமான செருப்பு போடாமல் இறங்காதே. கல்மீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரி அளவில், காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போ. அழகான கூம்புச் சங்கைத் தொடாதே, அதற்குள் விஷ ஊசி உண்டு. செத்த பவளமானாலும் சங்கானாலும் ஒன்றைக்கூட எடுத்து வராதே. சட்டம் தடுக்கிறது, விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அந்தி நேரம் மணல் ஈ கடிக்கும், காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். கழிமுகத்திலும் அலையாத்தி ஓடையிலும் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை இல்லாத ஓடையிலும் குழந்தையைத் தண்ணீர் ஓரம் விடாதே.

அதே அலையாத்திக் காட்டில் தில்லை மரம் பார்ப்பாய். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம். கிளையை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், தோலில் பட்டால் கொப்புளம்.

பூமி நிற்க முடியாத அளவுக்கு, அல்லது நீண்ட நேரம் ஆடினால் போனில் சுனாமிச் செய்தி வரும்வரை காத்திராதே, மேட்டுக்கு ஏறு. 2004 டிசம்பர் 26ல் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியதால்தான் சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் வந்து தங்கிவிட்டது. உன் வீட்டிலிருந்து மேட்டுக்கு நடந்தே போகும் பாதையை இருவரும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

நம் தோட்டத்துக் கொண்டைக்குருவி, அதுதான் கன்னத்தில் சிவப்பு உள்ள சின்னான், அங்கேயும் உண்டு. முற்றத்தில் கொஞ்சம் பழம் வைத்துப் பார். வராந்தாவில் மண் உருண்டையால் கிண்ணம் மாதிரிக் கூடு கட்டுகிற தகைவிலானும் நம் வீட்டுத் தகைவிலானுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அண்மைக்காலம் வரை இரண்டையும் ஒரே இனம் என்றே எழுதிவந்தார்கள். எச்சத்துக்காகக் கூட்டைத் தட்டாதே, அடியில் ஒரு பலகை அடித்துவிடு.

பார்சலில் சிலிக்கா ஜெல், பழைய வேட்டி இரண்டு, நம் தேயிலை 100 கிராம் பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொட்டலம் தீர்ந்த பிறகே அடுத்ததைப் பிரி, பிரித்தது ஈரம் குடித்தால் மணம் போய்விடும். கடல் கொந்தளித்தால் சென்னைக் கப்பல் தாமதமாகும், வெங்காயம் விலை ஏறும். அதனால் இரண்டு வாரத்துக்கு வேண்டியதைக் கூடையில் தொங்கவிட்டு வை.

மழை உனக்கு மே 20 வாக்கில் இறங்கும், அதிலிருந்து பத்து நாளில் கேரளக் கரைக்கு வரும். இறங்கிய நாளை எழுது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. உன் பக்கத்துக் கடலில் உருவாகும் தாழ்வுநிலைகள்தான் பல தடவை சில நாளில் இங்கே வந்து கொட்டும். 2009 நவம்பரில் மலை சரிந்ததை மறந்திருக்க மாட்டாய். அந்தமான் கடலில் தாழ்வுநிலை என்று செய்தி வந்தால், அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, எத்தனை நேரமாகப் பெய்கிறது என்று ஒரு வரி அனுப்பு. அப்பா அதற்குள் மேட்டுப் பாத்தியின் வடிகாலை வெட்டிவிடுவார்.

அன்புடன்,
அம்மா