உன் எடையை நீயே சுமக்காதே

அன்பு மகளுக்கு,

ஜியு-ஜிட்சு (தரையில் மடக்கிப் பிடிக்கும் மல்யுத்தக் கலை) வகுப்பைப் பற்றி, "எனக்கு வெயிட் பத்தலைம்மா, அதான் சைடு கன்ட்ரோல்ல எல்லாரும் என்னைத் தூக்கிப் போட்டுடுறாங்க" என்று எழுதியிருந்தாய். சைடு கன்ட்ரோல் என்றால் மல்லாந்து கிடப்பவளின் பக்கவாட்டிலிருந்து நெஞ்சோடு நெஞ்சு குறுக்காகப் படுத்து அமுக்குவது. வெயிட்டெல்லாம் போதுமானது இருக்கிறது. உன் 58 கிலோவில் பெரும்பகுதியை நீயே சுமந்துகொண்டிருக்கிறாய், மிச்சம் மீதிதான் கீழே இருப்பவளுக்குப் போகிறது. நீ அனுப்பிய வீடியோவில் இரண்டு முழங்காலும் மேட்டில் (பயிற்சி மெத்தையில்), முழங்கையும் மேட்டில், புறங்கால் தரையோடு படிந்து கிடக்கிறது. அப்படி இருந்தால் 90 கிலோக்காரர்கூட லேசாகத்தான் தெரிவார்.

நம்பிக்கை வரவில்லை என்றால் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டு, நெஞ்சின் மேல்பகுதியை அதன்மேல் வைத்துக் குப்புறச் சாய்ந்து பார். எண்ணைப் படிக்க யாரையாவது பக்கத்தில் உட்காரவை. முதலில் கையும் முழங்காலும் தரையில் ஊன்றியிருக்கட்டும். பிறகு கைகளை எடு, எண் ஏறும். அடுத்து கால்விரல்களை மடித்து ஊன்றி, முழங்காலைத் தரையிலிருந்து கிளப்பி, காலைப் பின்னால் நீட்டு, இன்னும் ஏறும். முழு எடையும் வராது, கால்விரல்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ளும். இப்போது பல்லைக் கடித்து உடம்பை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கு. எண் நகராது. இறுக்கிப் பிடித்தால் கனம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும். இறுக்கினால் உன் கைதான் சீக்கிரம் சோர்ந்துபோகும். அதோடு விறைப்பான உடம்பு கீழே இருப்பவளின் வளைவுகளில் படியாது, இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் அவள் முன்கையை நுழைத்து ஃப்ரேம் போடுகிறாள், அதாவது முட்டுக்கொடுத்து உன்னைத் தள்ளி நிறுத்துகிறாள். நனைந்த துணிமூட்டை மாதிரி கிடக்கப் பழகு.

இத்தனை எடையையும் எங்கே இறக்குகிறாய் என்பது அடுத்தது. நெஞ்சு முழுக்கப் பரவினால் அவளால் தாங்கிக்கொள்ள முடியும். அதே எடையைத் தோள்முனை அளவு இடத்தில் குவித்தால் தாங்க முடியாது. தோளால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி அழுத்தும் கிராஸ்ஃபேஸுக்கு அவ்வளவு மரியாதை இதனால்தான். அவளுடைய வலப்பக்கம் நீ இருக்கிறாய் என்று வைத்துக்கொள். உன் இடது கை அவள் கழுத்துக்கு அடியில் போய் எட்டத்தில் இருக்கும் தோளைப் பின்னாலிருந்து பிடிக்கட்டும். இடது தோள் அவள் தாடையெலும்பில் வந்து உட்காரட்டும். தொண்டைக்குழியில் வைக்காதே, அது வேறு சமாச்சாரம். வலது கை அவளுடைய இடது அக்குளுக்கு அடியே நுழைந்து கொக்கி போடட்டும், அதுதான் அண்டர்ஹுக். இப்போது கையால் இழுக்காதே. கால்விரல்களால் மேட்டைத் தள்ளு, அந்தத் தள்ளல் உன் இடுப்பு வழியாக ஏறித் தோளில் போய்ச் சேரும். அவள் முகம் உன்னைவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும். முகம் அங்கே திரும்பியிருக்கும்போது இடுப்பை உன் பக்கம் திருப்பி முழங்காலை உள்ளே கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம், முதுகெலும்பு இடம் கொடுக்காது. முக்கால்வாசி எஸ்கேப் இங்கேயே செத்துப்போகும்.

இதில் இரண்டு தப்பு அடிக்கடி நடக்கும். ஒன்று, ஆர்வக்கோளாறில் அவளைத் தாண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவது. உன் தலை அவளுடைய எட்டத் தோளுக்கு அப்பால் போய்விட்டால், இடுப்பை மேலே எக்கித் தூக்கும் ஒரு பிரிட்ஜிலேயே உன்னை உருட்டிவிடுவாள், 48 கிலோ பெண்ணால்கூட முடியும். உன் நெஞ்செலும்பு அவள் நெஞ்செலும்புக்கு நேராகவோ, உன் பக்கம் ஒரு கையகலம் உள்வாங்கியோ இருக்கட்டும். இரண்டு, பின்புறம் மேலே தூக்கிக்கொண்டு நிற்பது. நெஞ்சில் கனம் இருக்கும், ஆனால் இடுப்புப் பக்கம் கதவு திறந்து கிடக்கும். முழங்கால் உள்ளே வருவது தெரிந்தால் ஒரு நிமிஷம் கனத்தை மறந்துவிட்டு, உன் வலது முழங்காலையோ இடுப்பையோ அவள் இடுப்பை ஒட்டிக் கொண்டுபோய் அடைத்துவிடு. அழுத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவள் பிரிட்ஜ் போடும்போது நீ என்ன செய்கிறாய் தெரியுமா? மேலே இருந்தபடி எதிர்த்து அமுக்குகிறாய். வேண்டாம். அவள் எழும்பும்போது ஒட்டிக்கொண்டே எழும்பு, அவள் விழும்போது அவளோடு சேர்ந்து விழு. தூக்கியவளுக்குத்தான் களைப்பு. மூச்சும் அப்படித்தான். அவள் மூச்சை வெளியே விடும்போது விலாக்கூடு சுருங்கும், அந்த நேரத்தில் நீயும் மூச்சைவிட்டுத் தளர்ந்து அந்த இடத்தில் இறங்கிக்கொள். மறுபடி முழுசாக இழுக்க இடம் இருக்காது. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்குகிறவர்கள் அவளுக்கு முன்னால் தாங்களே திணறிப் போவார்கள்.

மவுண்டில் (அவள் உடம்பின் இருபுறமும் கால் போட்டு மேலே உட்காரும் நிலையில்) ஏறியதும் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காராதே. கனமெல்லாம் உன் முழங்கால் வழியாக மேட்டுக்குப் போய்விடும். முதலில் தாழ்ந்து இரு. இடுப்பெலும்பை அவள் அடிவயிற்றில் இறக்கி, பாதங்களை அவள் தொடைக்கு அடியே கொக்கி போட்டு, கைகளை அகலமாக வை. அவள் பிரிட்ஜ் போட்டு ஓய்ந்த பிறகு முழங்கால்களை ஒவ்வொன்றாக அக்குள்வரை நகர்த்து. அங்கே உட்கார்ந்துவிட்டால் அவள் இடுப்பை எவ்வளவு தூக்கினாலும் அது உனக்குப் பின்னால் நடக்கிற விஷயம். ஜியு-ஜிட்சு வீரர் ரோஜர் கிரேசி 2009 உலகப் போட்டியில் ஆளுக்கு ஆள் மவுண்டிலிருந்து அதே காலர் சோக்கை (சட்டைக் காலரைப் பிடித்துக் கழுத்தை நெரிக்கும் பிடியை) போட்டு ஜெயித்ததைத் தேடிப் பார். பெரிய உடம்புக்காரர்தான், மறுக்கவில்லை. எதிரே வந்தவர்களும் சின்ன ஆட்கள் இல்லையே. அவர் கழுத்தில் கை வைப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வெறுமனே கனமாக உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனி.

வயிற்றில் முழங்கால் வைப்பதற்கு உன் எடைக்காரர்கள் ரொம்பப் பயப்படுகிறார்கள், தேவையே இல்லை. முழங்காலோடு கெண்டைக்காலின் முன்னெலும்பையும் குறுக்காக வை, பாதம் அவள் இடுப்போரம் ஒட்டியிருக்கட்டும், மற்ற கால் அகலமாகத் தள்ளி ஊன்றியிருக்கட்டும். காலரையும் கால்சட்டை முழங்கால் பகுதியையும் பிடித்து அவளை மேல்நோக்கி இழு. நீ மேலே இழுக்கிற ஒவ்வொரு கிலோவும் உன் முழங்கால் வழியாகக் கீழே சேரும். போட்டியில் இதை 3 விநாடி நிலைத்தால் 2 புள்ளி. அதைவிடப் பெரிய லாபம், அவள் கையால் தள்ள வருவாள், கை உன்னிடம் சிக்கும்.

கீழே இருப்பவள் உன் ஒரு காலைத் தன் கால்களுக்கிடையே பூட்டி வைத்திருக்கும் ஹாஃப் கார்டில் நீ தவிப்பதற்குக் காரணம் வேறு. ஒருக்களித்துப் படுத்திருப்பவள் மேல் எத்தனை கிலோ வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் அவளை மல்லாத்தியாக வேண்டும். அண்டர்ஹுக்கை ஜெயித்து, கிராஸ்ஃபேஸால் தலையைத் திருப்பி, இரண்டு தோளும் மேட்டில் பட்ட பிறகுதான் காலை உருவ ஆரம்பி. அவசரப்பட்டுக் காலை முதலில் உருவினால் அவள் உன் முதுகுக்கு வந்துவிடுவாள். பெர்னார்டோ ஃபாரியா என்ற வீரரின் ஓவர்-அண்டர் பாஸும் (கீழே இருப்பவரின் கால்களைத் தாண்டிப் போகும் முறை) கிட்டத்தட்ட இதே கணக்குதான்: ஒரு கை காலுக்கு மேலே, ஒரு கை மற்ற காலுக்கு அடியே, தோள் அடிவயிற்றில், இடுப்பை முதலில் சாகடித்துவிட்டு அப்புறம் நடை. 2015இல் எடைப்பிரிவு, எடை வரம்பில்லாத ஓப்பன் இரண்டிலும் உலகத் தங்கம் வாங்கியவர். வேகம் ஒன்றும் பிரமாதமில்லை.

உன்னைவிட 20, 25 கிலோ கூடினவர்கள் கீழே இருந்தால் ஒரே இடத்தில் அமுக்கி உட்காராதே, கடைசியில் தூக்கிவிடுவார்கள். அவர்கள் ஃப்ரேமைச் சரிசெய்து முடிக்கிற நேரத்தில் சைடு கன்ட்ரோலிலிருந்து வயிற்றில் முழங்காலுக்கு, அங்கிருந்து தலைமாட்டுப் பக்கமிருந்து நெஞ்சில் படுக்கும் நார்த்-சவுத்துக்கு மாறு. ஆனால் மாறும்போது நெஞ்சோ இடுப்போ ஒன்று அவர்கள் மேல் உரசிக்கொண்டே போகட்டும்.

பழகுவதற்கு: இரண்டு கைகளாலும் உன் பெல்ட்டை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு சைடு கன்ட்ரோலில் 1 நிமிஷம் இரு. கீழே இருப்பவள் பாதி பலத்தில் தப்பிக்கட்டும். தினம் 3 சுற்று. ஆரம்பத்தில் நீ விழுவாய், விழட்டும், எந்தப் பக்கம் விழுகிறாய் என்று மட்டும் பார்த்துக்கொள். அந்தப் பக்கம்தான் அதிகம் சாய்கிறாய். கை இல்லாமல் நிற்க வந்த பிறகு கையைச் சேர்த்துக்கொள்.

ஏண்டி, இதையெல்லாம் கற்றுக்கொண்டு புதுசாகச் சேர்ந்த குழந்தைகள் மேல் காட்டாதே. உன்னைவிட இலேசானவர்களிடம் முழங்காலைத் தரையில் வைத்துக் கனத்தைக் குறைத்துக்கொள். வெறும் அழுத்தத்துக்கே டேப் அடித்தால் (கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டால்) உடனே எழுந்துவிடு, ஏன் என்று கேட்காதே. நீ கீழே இருக்கும்போதும் அதே சட்டம்தான். விலாவில் "டிக்" என்று சத்தம் கேட்டால் வீம்பு பிடிக்காமல் அன்றைக்கு மேட்டைவிட்டு இறங்கு. விலாக் குருத்தெலும்பு ஆற வாரக்கணக்கில் ஆகும். தும்மினாலும் சிரித்தாலும் குத்துகிறது என்றால் டாக்டரிடம் காட்டு. சரியாகிற வரைக்கும் ரோலிங் (பயிற்சிச் சண்டை) கிடையாது, டெக்னிக் வகுப்பில் மட்டும் நில்.

அன்புடன்,
அம்மா