மொட்டைமாடி மழையைத் தெருவுக்கு விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்ததும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்றும், சித்திரை முடிவதற்குள் குழாயில் காற்றுதான் வருகிறது, லாரி வரவில்லை என்றும் சென்னைவாசிகளாகிய நாம் இதே பகுதிக்கு மாறி மாறிக் கடிதம் எழுதி வருகிறோம். இரண்டு முறையீடுகளும் பெரும்பாலும் ஒரே தெருக்களிலிருந்துதான் வருகின்றன என்பதைத் தங்கள் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் செய்யவேண்டியவை பல உண்டு. அவற்றைப் பற்றி எழுதுவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. மழை தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற இந்தப் புரட்டாசி மாதத்தில், நம் மதில் சுவருக்குள் நாமே செய்துகொள்ளக்கூடிய ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்கவேண்டும் என்ற கட்டாயம் 2003ஆம் ஆண்டில் வந்தது. அமைக்காதவர்களின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டதால், அந்த ஆண்டு ஊரிலிருந்த கொத்தனார்களுக்கும் பிளம்பர்களுக்கும் ஓய்வே இல்லை. மொட்டைமாடியிலிருந்து குழாய் இறங்கியது, வாசலில் குழி தோண்டப்பட்டது, உடைந்த செங்கல்லும் கருங்கல் ஜல்லியும் மணலும் கொட்டி, மேலே ஓட்டையிட்ட பலகை போட்டு மூடப்பட்டது. அதன்பின் வந்த சில நல்ல மழைக்காலங்களில் பல வீட்டுக் கிணறுகளில் நீர் மேலேறியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்த அமைப்புகளில் எத்தனை இன்று வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளக் கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. மழை நாளில் குடையோடு ஒரு தெருவை முழுக்க நடந்து பார்த்தாலே போதும். வீட்டுக்கு வீடு மாடிக் குழாய் மதிலைத் துளைத்துக்கொண்டு நேராகத் தெருவில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும். இது யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. வாசலை அழகுபடுத்த டைல்ஸ் போட்டபோது குழி அதற்கு அடியில் போய்விட்டது. இன்னொரு வீட்டில் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று குழியை மூடிச் சிமெண்டு பூசிவிட்டார்கள். வேறொரு வீட்டில் குழி அப்படியே இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டு வண்டலும் மக்கிய இலையும் அடைத்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்கூட உள்ளே இறங்காமல் திரும்பி வாசலுக்கே வருகிறது. தண்ணீர் வழிவதைக் கண்ட வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிட, அவர் குழாயின் வளைவைத் தெருப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

தெருவுக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு என்று கணக்கிட்டால் மனம் பொறுக்காது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாது. 2019ஆம் ஆண்டில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த ரயில் ஒரு முறைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அதாவது, இந்த அளவு மாடியுள்ள 25 வீடுகள் கொண்ட ஒரு சாதாரணத் தெரு, ஒரு ரயில் சுமந்து வந்த தண்ணீரை ஆண்டுதோறும் சாக்கடைக்கு வழியனுப்பிக்கொண்டிருக்கிறது.

மண்ணுக்குள் இறங்காத தண்ணீர் எங்கே போகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தாரிடையே மனத்தாங்கல் தொடங்குவதும் அங்கேதான். முதலில் அது தாழ்வாக இருக்கும் வீட்டுக்குப் போகிறது. மீண்டும் மீண்டும் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போடவேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் அரசு அறிவுறுத்தியபோது பல பழைய வீடுகளின் வாசற்படி ஏற்கெனவே தெருமட்டத்துக்குக் கீழே போயிருந்தது. புதிதாகக் கட்டுவோர் மூன்றடி நான்கடி உயர்த்திக் கட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயர்த்திக் கட்டிய வீட்டின் மாடித் தண்ணீர் அத்தனையும் எதிர்வீட்டுக் கூடத்துக்குள் போனால், அங்கே இருக்கும் முதியவர்கள் இரவில் கட்டிலின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டியதுதான். எங்கள் மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாமல் லேக் வியூ சாலை இருக்கிறது என்று வெளியூர் உறவினர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஏரி இருந்த பள்ளத்தைத் தண்ணீர் இன்னும் மறக்கவில்லை என்பதை 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் நாங்கள் நன்றாகவே தெரிந்துகொண்டோம்.

அடுத்தபடியாக நடப்பது இதைவிட மோசமானது. தண்ணீர் வடியவில்லை என்றதும் யாரோ ஒருவர் கடப்பாரையைக் கொண்டுவந்து பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்துவிடுகிறார். சற்று நேரத்தில் தெருத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போவதைக் கண்டு சுற்றி நிற்பவர்கள் நிம்மதி அடைகிறார்கள். சில வீடுகளில் மாடிக் குழாயையே நிரந்தரமாகக் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. கழிவுநீர்க் குழாய் வீட்டுக் கழிவைக் கொண்டுபோகும் அளவுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது. அதில் ஒரு தெருவின் மழை முழுவதையும் இறக்கினால், நீரேற்று நிலையம் தாங்காமல் தண்ணீர் எதிர்த்து வரும். தாழ்வான வீடுகளின் தரைத்தளக் கழிவறை வழியாகவே அது மேலெழும்பும். அப்படி எழும்பியது நிலத்தடித் தொட்டிக்குள் கலந்துவிட்டால், மழை விட்ட மறுவாரம் அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் வரும். திறந்த மூடியின் மேல் தண்ணீர் நிற்கும்போது அங்கே குழி இருப்பது வழியே போகிறவருக்குத் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். மூடியைத் திறப்பவர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தெருவுக்கு உபகாரம் செய்வதாகவே நினைக்கிறார். அதனாலேயே அவரிடம் மழை நாளில் சண்டையிடுவதைவிட, மழை இல்லாத நாளில் பக்குவமாக எடுத்துச் சொல்வது மேல்.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு கொத்தனாரும் ஒரு உதவியாளரும் பெரும்பாலும் ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய வேலை இது. குழியின் பலகையை எடுத்து, உள்ளே இருக்கும் மணலையும் ஜல்லியையும் வெளியே எடுக்கவேண்டும். மேலடுக்கில் படிந்திருக்கும் கரிய வண்டலை அகற்றி, ஜல்லியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பெரியது அடியிலும் சிறியது மேலிலுமாகத் திரும்ப இடவேண்டும். மணலைக் கழுவுவது வீண் வேலை. புது ஆற்றுமணலோ எம்-சாண்டோ சில கூடை போதும். அதன்பின் நாலைந்து வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நின்று நிதானித்து உள்ளே இறங்கினால் நல்லது. இறங்கவில்லை என்றால் அடைப்பு குழியின் அடியில் இருக்கிறது, இன்னும் ஆழம் போகவேண்டும் என்று பொருள். மாடியில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பா, உடைந்த நாற்காலி, சிமெண்டு மூட்டை ஆகியவற்றை அப்புறப்படுத்தி, குழாயின் வாயில் இலை போகாதபடி ஒரு வலையைப் பொருத்துங்கள். முதல் மழையில் மாடித் தூசியும் பறவை எச்சமும் சேர்ந்து வரும் என்பதால் அதை மட்டும் வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து உள்ளே திருப்பலாம்.

வீட்டில் பழைய உறைக்கிணறு இருப்பவர்கள் பாக்கியசாலிகள். வடிகட்டித் தொட்டி ஒன்றின் வழியாக மாடி நீரை அதற்குள் விட்டாலே போதும். கிணற்றைக் குப்பை கொட்டி மூடுவதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை யோசியுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குள் குழாயை நேராக இறக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது கூடாது. மாடி அழுக்கு எந்த மண்ணிலும் வடிபடாமல் நேரே ஆழத்து நீரில் கலந்துவிடும். தெருவில் ஓடும் தண்ணீரையும் கிணற்றுக்குள் திருப்பவேண்டாம். கழிவுநீர்த் தொட்டியை ஒட்டிக் குழி தோண்டுவதையும் தவிர்க்கவேண்டும்.

ஒரே அளவுக் குழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை 2003ஆம் ஆண்டின் அவசரத்தில் நாம் பொருட்படுத்தவில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் ஐந்தடிக் குழியே தண்ணீரைக் குடித்துவிடும். அங்கே மழைநீர் இறங்குவது கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிவராமல் தடுப்பதற்கும் உதவுகிறது. களிமண் கெட்டியாக இருக்கும் இடங்களில், அந்த அடுக்கைத் தாண்டிக் கீழே இருக்கும் மணல் வரை உறை இறக்கினால்தான் பயன் உண்டு. வேளச்சேரி, கிண்டிப் பக்கம் பாறை மேலாகவே தட்டுப்படும் இடங்களில் நீரை மண்ணுக்கு அனுப்புவதைவிடத் தொட்டியில் பிடித்து வைத்துப் புழங்குவதே உத்தமம். அக்கம்பக்கத்தில் கிணறு வெட்டியவர் யாராவது இருந்தால், எத்தனையாவது அடியில் மணல் வந்தது என்று அவரிடம் கேட்டுவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

மழைநீர்க் குழி கொசுவை வளர்க்கும் என்று சிலர் ஆட்சேபம் சொல்கிறார்கள். கொசுவுக்குப் பேர்போன மாம்பலத்தில் இந்த ஆட்சேபத்தை அலட்சியப்படுத்த முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரையே நாடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கும். ஆகவே, மழை விட்ட ஓரிரு நாளில் நீர் உள்வாங்கிவிடும் குழியால் கொசுவுக்குப் பயனில்லை. தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருக்கும் அடைபட்ட குழிதான் அதற்குத் தொட்டில். வலையில்லாத மேல்நிலைத் தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிட்டால், வாரம் ஒருமுறை சோதிக்க வரும் மாநகராட்சிப் பணியாளரிடம் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலையைவிடச் சம்மதம் வாங்குவதே பெரிய பாடு. இருக்கும் எட்டு வீடுகளில் மூன்றின் உரிமையாளர்கள் அயல்நாட்டில் இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் வரும், பணம் வராது. வாடகைக்கு இருப்பவர்கள், நாளைக்குக் காலி செய்யப்போகிற வீட்டுக்கு நான் ஏன் செலவழிக்கவேண்டும் என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பொதுக்குழுவில் இதைத் தனிச் செலவாக வைத்து வாக்கெடுப்புக்கு விட்டால் நிச்சயம் தோற்கும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த ரசீதுகளைக் கூட்டிக்காட்டி, மாதப் பராமரிப்புத் தொகையிலேயே இதற்கொரு சிறு பங்கை ஒதுக்கிவிடும்படி சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தனி வீட்டுக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே கொத்தனாரை அமர்த்தினால் கூலியும் குறையும், வேலையும் ஒரே சீராக நடக்கும். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டு வாசலையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

உங்கள் மாடிக் குழாய் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து இருந்தால், அவர் சொல்வதற்கு முன் நீங்களே திருப்பிவிடுங்கள். வாசலில் வண்டி ஏறுவதற்காகப் போட்ட சிமெண்டுச் சாய்தளம் மழைநீர் வடிகாலின் வாயை அடைத்துக்கொண்டிருந்தால், அதை உடைத்து இரும்புக் கம்பி வலையாக மாற்றிவிடுங்கள். கட்டட வேலை நடத்துகிறவர்கள் மணலையும் ஜல்லியையும் தெருவோரம் குவித்து வைத்தால், ஒரே மழையில் அது வடிகாலுக்குள் போய்ச் சேரும். மாநகராட்சி தூர்வாரிய பலன் அன்றோடு போயிற்று.

அதிகாரிகளிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; கட்டி முடித்த பின் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. சொத்து வரியின் இரண்டாம் அரையாண்டு அக்டோபரில் தொடங்குகிறது; அரையாண்டின் தொடக்கத்திலேயே வரி கட்டுவோருக்கு ஐந்து சதவீத ஊக்கத்தொகை அளிப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. செப்டம்பரில் வார்டு பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, குழி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொடுக்கும் வீடுகளுக்கு, அந்த ஊக்கத்தொகையோடு இன்னும் ஒரு சதவீதம் சேர்த்துத் தரலாம். 2003ஆம் ஆண்டில் குடிநீர் இணைப்பு போய்விடும் என்ற அச்சத்தால் தோண்டிய குழிகள் அச்சம் நீங்கியதும் மூடிக்கொண்டன. ரூபாய்க் கணக்கில் வரும் சலுகையை நம் மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுவதில்லை.

இதை மாமன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள முடிந்தால், இந்த ஆண்டின் மழைக்கு இல்லாவிட்டாலும் வரும் ஆண்டின் மழைக்காவது பயன்படும்.

இங்ஙனம்,
அடுக்ககச் சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.