கம்பளைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேராதனை கெம்பஸில் சேர்ந்ததிலிருந்து நீ கம்பளையை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறாய். இப்போது கூட்டாளிகளோடு போய் அங்குள்ள அம்புலுவாவ மலைக் கோபுரத்தில் ஏறிப் படம் பிடித்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாய். சரி, கோபுரத்துக்கு இன்னொரு நாள் போகலாம். முதலில் அந்தக் காலத்துக் கம்பளையைப் பார்த்துவிடு.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் புவனேகபாகு மகாவலிக் கரையில் இந்த ஊரைத் தலைநகராக்கினான். டவுனுக்குள் அரண்மனை எதுவும் மிஞ்சவில்லை. நியம்கம்பாய விகாரையில் அந்தக் காலத்துக் கல் வேலைப்பாடு கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ராச்சியம் விட்டுப்போனதைப் பார்க்க கடலாதெனிய, லங்காதிலக விகாரைகளுக்கும் எம்பக்கே தேவாலயத்துக்கும் போகவேண்டும். மூன்றும் உன் விடுதியிலிருந்து தூரமில்லை. காலையிலேயே கிளம்பு, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவேண்டிய பாறை மத்தியானத்தில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். தோளும் முழங்காலும் மறைகிற உடுப்பு போட்டுக்கொள்.

கடலாதெனியவைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. அந்தக் கல் தூண்களுக்கு முன்னால் நின்றால் உனக்கே தெரியும், அது தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று.

ஆனால் நான் உன்னை அனுப்புவது முக்கியமாக லங்காதிலகவுக்குத்தான். 1344இல் கட்டியது. ஒரே கட்டடத்தில் உள்ளே புத்தர். வெளிச்சுற்றில் கணபதி, விபீஷணன், கந்தகுமாரன் என்று தெய்வங்களுக்குத் தனித்தனி சந்நிதி. பக்கத்துப் பாறையில் கல்வெட்டு இருக்கிறது. விகாரைக்குக் கொடுத்த நிலங்களைப் பற்றிச் சிங்களத்திலும் எழுதியிருக்கிறார்கள், தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். எழுத்து இன்றைய எழுத்து மாதிரி இருக்காது, சட்டென்று வாசிக்கவும் வராது. பரவாயில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே நில்.

இந்த மலையில் தேயிலையைத் தவிர நமக்கு என்ன இருக்கிறது, சித்தி என்று போன லீவில் கேட்டாயே, அதை நான் மறக்கவில்லை. அந்தப் பாறையில் தமிழை வெட்டியவர்கள் நம் பூட்டன்மார் இல்லை. நம்மவர்கள் ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் கழித்து, கோப்பித் தோட்டக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே, அவர்கள் நடந்த வழியே நமக்குப் போதுமான சரித்திரம். ஆனால் தமிழே தோட்டக் கூலியோடுதான் இந்த மலைக்கு வந்தது என்று யாராவது சொன்னால் நீ தலை குனியத் தேவையில்லை. ஒரு பௌத்த விகாரையின் சாசனத்தைத் தமிழிலும் எழுதவேண்டும் என்று அன்றைக்கே ஆட்கள் நினைத்திருக்கிறார்கள்.

அப்புறம் எம்பக்கே. கதிர்காமக் கடவுளுக்கு மூன்றாம் விக்கிரமபாகு கட்டிய தேவாலயம். மேளம் அடிக்கும் மண்டபத்தின் மரத்தூண்களில் மல்லர்கள், பின்னிய அன்னங்கள், இரட்டைத் தலைப் பறவை, பிள்ளைக்குப் பாலூட்டும் தாய் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் தூணைத்தான் பார்ப்பார்கள். நீ அண்ணாந்து கூரையையும் பார்: 26 கைமரங்கள் ஒரே மரமுளையில் வந்து கூடும். தச்சு வேலை செய்யும் உன் அப்பாவுக்கு அதைக் கட்டாயம் படம் பிடித்து அனுப்பு.

அங்கிருந்து த்ரீவீலர் பிடித்துக் கம்பளைக்குப் போ. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு, டவுனில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ரயிலில் பேராதனைக்குத் திரும்பு. அந்தத் தண்டவாளம் 1873இல் கோப்பி மூட்டைகளை இறக்கத்தான் கம்பளைக்கு வந்தது.

த்ரீவீலர்க்காரரிடம் மூன்று இடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கூலி பேசிவிடு. போதாவிட்டால் சொல், நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தி