விற்காத வீட்டுக்கு விலை ஏறியது எப்படி? சொத்து வரி மதிப்பீட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டின் மதிப்பை உயர்த்தி, அதனால் சொத்து வரியையும் ஏற்றியிருக்கும் மறுமதிப்பீட்டு நோட்டீஸ் போன வாரம் அம்மா பெயருக்கு வந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறது. கணக்குப் போட்டது நீங்கள்தான் என்பதால் அதை மறுபடி விளக்கப் போவதில்லை.

அம்மாவுக்கு 71 வயது. அப்பா இறந்தபின் வருகிற குடும்ப ஓய்வூதியம் மட்டும்தான் வருமானம். மாதம் பிறந்ததும் அந்தப் பணத்தைப் பழைய தபால் உறைகளில் பிரித்து வைப்பார். மருந்து, மின்சாரம், மளிகை, வீட்டு வரி என்று ஒவ்வோர் உறையிலும் பென்சிலால் எழுதியிருக்கும். நோட்டீஸ் வந்த அன்று இரவு, மருந்து உறையிலிருந்து பணம் எடுத்து வரி உறையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நான் வீட்டை விக்கவே இல்லையேடா, எனக்கு எப்படி விலை ஏறுச்சு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

பக்கத்து வீடு சென்ற ஆண்டு பெரிய விலைக்குப் போனது உண்மை. வாங்கியவர் அடுத்த மாதமே அதை இடித்துவிட்டார். அவர் கொடுத்தது மண்ணுக்கு விலை. அதை வைத்து எங்கள் வீட்டையும் மதிப்பிட்டு, 'நல்ல நிலை' என்று குறித்திருக்கிறீர்கள். மழை வந்தால் சமையலறை மூலையில் வாளி வைக்கிறோம். ஒருவராவது உள்ளே வந்து பார்த்திருந்தால் அந்த வாளி கண்ணில் பட்டிருக்கும்.

வரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் பணம் வேண்டும். ஆனால் ஊர் முழுக்க மதிப்பு ஏறும்போது வரி விகிதத்தைக் குறைத்தாலே பழைய வசூல் வந்துவிடும். குறைக்காமல் விட்டால் அது வரி உயர்வுதான். அதை உயர்வு என்றே சொல்லுங்கள், சந்தை மதிப்பின் மேல் பழியைப் போடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களும் தப்பவில்லை, ஏறிய வரி வாடகையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடன் வாங்கி முதல் வீடு வாங்கிய பிள்ளைகள் தவணையோடு இதையும் சேர்த்துக் கட்டத் திணறுகிறார்கள். வீடு கட்டு, சொந்த வீடு வாங்கு என்று ஊக்கப்படுத்திவிட்டு, அதில் குடியிருக்க முடியாமல் செய்வது என்ன நியாயம்?

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். வருமானம் ஏறாதவர்களுக்கு வரியை ஒத்திவையுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது கடந்த வீட்டுக்காரர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரியைத் தள்ளிவைத்து வீட்டை விற்கும்போது வட்டியோடு கட்டலாம். அரசுக்கு வரவேண்டிய வரி பிறகு வந்துவிடும், முதியவர்களும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. கலிபோர்னியா 1978-இல் செய்தது போல மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டிப்போடச் சொல்லவில்லை. வீடு கைமாறும்போது மட்டும் மதிப்பு சந்தை விலைக்கு ஏறுவதால், அங்கே புதிதாக வாங்கியவர், பக்கத்து வீட்டுப் பழையவரைவிடப் பல மடங்கு கட்ட நேர்கிறது. இங்கிலாந்தைப் போல 1991-ஆம் ஆண்டு மதிப்பையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. மதிப்பிடுங்கள், ஏற்றத்தைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள், முடியாதவர்களுக்கு ஒத்திவையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறோம்.

அப்புறம், மேல்முறையீட்டுக்கு நீங்கள் கொடுத்திருப்பது முப்பது நாள். அதில் ஏழு நாள், அந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததிலேயே போய்விட்டது. தயவுசெய்து அந்தக் கெடுவை நீட்டித்துக் கொடுங்கள். முடிவு தெரியும்வரை பழைய வரியையே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அம்மா பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒரு குடும்பத்தின் மகன்